4,600-க்கு மேல் இழுக்க மறுத்த படகு எஞ்சின்

8.2 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) படகு எஞ்சின். 4,600 ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி) வரை சீராக ஓடும்; அதைத் தாண்டினால் வெடித்து வெடித்துத் திணறும். எரிபொருள் வடிகட்டி, ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாவற்றையும் மாற்றியும் பலனில்லை. கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) எல்லா சிலிண்டரிலும் சரி.

வால்வுகளுக்கு மேலுள்ள ராக்கர் மூடியைத் திறந்தபோதும், வால்வுகளை மூடிப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள் முழுதாகவே தெரிந்தன. விளக்கைச் சாய்த்துப் பிடித்த பிறகுதான் புலப்பட்டது: மூன்றாம் சிலிண்டரின் இன்டேக் வால்வில் (காற்று உள்ளே வரும் வால்வு) உள் ஸ்பிரிங் உடைந்து, துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று திருகி நின்றன. வெளி ஸ்பிரிங் அதை மறைத்திருந்தது. முறிந்த இடத்தில் கடுகளவு துருக்குழி. குளிர்காலத்தில் நிறுத்தி வைத்த எஞ்சினுக்குள் படிந்த ஈரத்தின் வேலை. பாதி பலத்தில் நின்ற ஸ்பிரிங்கால் அதிவேகத்தில் வால்வை அடக்க முடியவில்லை.

பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்தி, பிளக் துளை வழியே அழுத்தக் காற்று கொடுத்தால், ஸ்பிரிங்கைக் கழற்றும்போது வால்வு உள்ளே விழாது. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றவும் தேவையில்லை. பதினாறு வால்வுகளுக்கும் புதிய ஜோடி ஸ்பிரிங் போட்டேன். ஒவ்வொன்றின் பொருத்து உயரத்தையும் (பொருத்திய நிலையில் ஸ்பிரிங்கின் உயரம்) அளந்து, குறைந்த அழுத்தம் வந்த இடங்களில் ஷிம் (மெல்லிய உலோக வளையம்) வைத்தேன். இந்த அளவீட்டை விட்டால் புது ஸ்பிரிங்கும் வீண். இப்போது 5,200 வரை முள் தயங்காமல் ஏறுகிறது, பெரிய நிம்மதி.