குளத்தங்கரைக்குப் போங்கள், தோகையை வாங்கி வராதீர்கள்

டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் வெளிநாட்டிலிருந்து கோயம்புத்தூர் வருகிறவர்கள் ஒரு விடியற்காலையாவது சிங்காநல்லூர் குளத்துக்கு ஒதுக்குங்கள். நொய்யல் தண்ணீரால் நிறையும் குளம். திருச்சி சாலை பக்கத்திலேயே இரைகிறது, ஆனாலும் 2017இல் மாநகராட்சி இதை நகர்ப்புற உயிர்ப்பன்மைப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்திருக்கிறது. நாமக்கோழி, முக்குளிப்பான், கழுத்து மட்டும் வெளியே தெரிய நீந்தும் பாம்புத்தாரா என்று கரையில் நின்றே பார்க்கலாம். குழந்தைகளுக்கு மடையானைக் காட்டுங்கள். உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம், பறந்தால் வெள்ளை. இதே ஊரில் பதினெட்டு வருடம் வளர்ந்த நான் கொக்கு, வாத்து தவிர ஒரு பெயரையும் கற்காமல் விமானம் ஏறிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

பொங்கல் சமயம் என்றால், தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் நீங்களும் சேரலாம். 15 நிமிடம் பார்த்ததை இபேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். ட்ரோன் கொண்டுவர வேண்டாம், வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 முதல் தடை. சரணாலயங்களுக்குப் போனால் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) கையில் இருக்கட்டும், இந்தியர்களுக்கான கட்டணமே உங்களுக்கும்.

சரி, தோகை விஷயம்.

எங்கள் அத்தை தினமும் காலையில் நடக்கப் போகும்போது தென்னந்தோப்பு ஓரம் உதிர்ந்து கிடக்கும் மயில் தோகைகளைப் பொறுக்கி வருவார். மெல்போர்னில் நாங்கள் போகும் முருகன் கோயிலுக்கு என்று ஒரு வருடமாகச் சேர்த்திருக்கிறார். ஒடியக்கூடாதென்று மாமா பிளம்பிங் பைப்பை அளவாக அறுத்து, உள்ளே வைத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கொடுத்தார். என்னால் மறுக்க முடியவில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருகிறவன் எதை மறுப்பது?

விமான நிலையத்தில் ஸ்கேனில் அந்தப் பைப் நின்றது. ஓர் அறை, பிறகு இன்னோர் அறை. எங்கே வாங்கினாய், யார் கொடுத்தார், எத்தனை, எதற்கு? ஒவ்வொரு மேசையிலும் முதலிலிருந்து சொன்னேன். உதிர்ந்த தோகையை இங்கே வீட்டில் வைத்திருக்கலாம், ஆனால் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. மயில் தேசியப் பறவை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. சட்டம் சரியானதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதைச் சொல்ல மூன்று மணி நேரமா? யாருமே உட்காரச் சொல்லவில்லை. மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். கடைசி அழைப்பு வந்த பிறகுதான் விட்டார்கள். தோகைகள் ஒரு மேசைக்கடியில் கிடந்தன. மாமா போட்ட மூடி உருண்டு போயிருந்தது.

போய்ச் சேர்ந்த அன்றே அத்தை போன் செய்தார். "கோயல்ல குடுத்துட்டியா கண்ணு?"

"குடுத்துட்டேன் அத்தை" என்றேன்.

அதனால் சொல்கிறேன், வந்து இறங்கிய முதல் நாளே வீட்டுப் பெரியவர்களிடம் பேசிவிடுங்கள். தோகை, பறவை முட்டை, ஆமை ஓடு எதுவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெட்டி கட்டும் இரவில், அவர்கள் இரண்டு கையாலும் நீட்டும்போது சொல்ல வாய் வராது. அப்புறம், ஆஸ்திரேலியா திரும்புகிறவர்கள் குளக்கரைச் சேறு ஒட்டிய செருப்பை நன்றாகக் கழுவிப் பெட்டியில் வையுங்கள். அங்கே மண்ணையும் பார்ப்பார்கள்.