சிசேரியன் அரங்கின் குளிரிலிருந்து பச்சிளங்குழந்தையைக் காப்பது எப்படி?

அறுவை அரங்கின் ஏ.சி. பெரும்பாலும், கவுன் அணிந்து விளக்கின் கீழ் நின்று வேலை செய்பவர்களுக்கு இதமாக இருக்கும்படியே வைக்கப்படுகிறது. உடல் முழுதும் ஈரமாக, துணியேதுமின்றி அங்கு வந்து சேரப்போகும் குழந்தையை அப்போது யாரும் நினைப்பதில்லை. பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ள அதனால் இயலாது. சூடு உண்டாக்குவதற்கென்றே உடலில் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்தே அது குளிரைச் சமாளிக்கிறது. அதற்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் கூடுதலாகச் செலவாவதால், குளிர்ந்த குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை குறைவதும் மூச்சு சிரமப்படுவதும் நேர்கின்றன.

எனவே அறையின் வெப்பநிலையை 23 முதல் 25 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். பிரசவ அறைக்கு உலக சுகாதார நிறுவனம் இதைவிடக் கூடுதலாக, 25 முதல் 28 டிகிரி வரை பரிந்துரைக்கிறது. கவுனுக்குள் வியர்க்கும் மருத்துவர் அதை எளிதில் ஏற்பதில்லை என்பது வேறு விஷயம். அமெரிக்காவில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், அரங்கை 20 டிகிரியிலிருந்து 23 டிகிரிக்கு உயர்த்தியபோது, உடல் குளிர்ந்த நிலையில் குழந்தைகள் பிரிவுக்கு வந்து சேர்ந்த சிசுக்கள் 50 விழுக்காட்டிலிருந்து 35 விழுக்காடாகக் குறைந்தன. மூன்று டிகிரி மட்டும் போதாது என்பதையும் அதே எண்கள் காட்டுகின்றன. பெரிய அறை சூடாக நேரமெடுக்கும் என்பதால், தாயை உள்ளே அழைத்து வருவதற்கு முன்பே இதைச் செய்து, சுவரிலுள்ள தெர்மாமீட்டரில் சரிபார்க்க வேண்டும். கீறல் போட்ட பிறகு ஏ.சி.யைக் கூட்டிக் குறைப்பதில் பயன் மிகக் குறைவு.

தாயின் உடல் குளிர்ந்தால் வயிற்றிலுள்ள குழந்தையும் குளிரும். முதுகுத்தண்டு மயக்க ஊசி ரத்தக்குழாய்களை விரிப்பதால் அவர் விரைவில் சூட்டை இழக்கிறார். நரம்பு வழி ஏற்றும் திரவத்தை வெதுவெதுப்பாக்கியும், சூடான போர்வை போர்த்தியும் இதைத் தடுக்கலாம்.

குழந்தையைக் கிடத்திச் சூடாக வைக்கும் கருவியான வார்மரை முன்னதாகவே இயக்கி, ஏ.சி. காற்று நேராக அடிக்காத இடத்தில் நிறுத்துங்கள். குழந்தை வந்ததும் சூடாக்கிய துணியால் துடைத்து, நனைந்த அந்தத் துணியை உடனே அகற்றிவிட்டு, தலைக்குத் தொப்பி அணிவியுங்கள். ஈரத்துணியிலேயே சுற்றி வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கர்ப்பத்தின் 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையைத் துடைக்காமல், கழுத்து வரை பிளாஸ்டிக் பையினுள் வைக்க வேண்டும். இருவரும் நலமாக இருந்தால் அரங்கிலேயே தாயின் மார்பில் வெறும் உடலோடு கிடத்தி, மேலே போர்த்துங்கள். குளிப்பாட்டுவது 24 மணி நேரம் பொறுக்கலாம்.

குழந்தையின் உடல் வெப்பநிலை, அக்குளில் அளக்கும்போது 36.5 முதல் 37.5 டிகிரி வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால், குழந்தையை அரங்கிலிருந்து வெளியே கொண்டுசெல்லும் முன்பே சூடேற்றத் தொடங்கி, மீண்டும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.