மழைக்காலக் கோழிக் கொட்டகையில் அம்மோனியா: கண்டறிவதும் வெளியேற்றுவதும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குளிருக்குப் பயந்து கொட்டகையின் படுதாவை இண்டு இடுக்கின்றி மூடிவிடும் புதிய பண்ணையாளர்கள், கோழிகள் கதகதப்பாக இருக்கின்றன என்று நிம்மதி அடைகிறார்கள். ஆனால் அதே நேரத்தில் அவற்றின் கண்களையும் மூச்சுக்குழலையும் அம்மோனியா புண்ணாக்கிக்கொண்டிருக்கக்கூடும். தரையில் உமி போன்ற கூளத்தைப் பரப்பி அதன் மேல் வளர்க்கும் ஆழ்கூள முறையில் கறிக்கோழி வளர்க்கத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கோழி எச்சத்தில் யூரிக் அமிலம் மிகுதி. கூளத்தில் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகின்றன. ஆகவே ஈரத்தைக் கட்டுப்படுத்துவதும் காற்றை மாற்றுவதுமே நம் கையில் உள்ள வழிகள்.

முதல் படி: குனிந்து முகர்ந்து பாருங்கள்

வாயு பிறப்பது கூளத்தில் என்பதால், நின்றபடி முகர்ந்தால் உண்மை நிலை தெரியாது. காலையில் கொட்டகைக்குள் நுழைந்தவுடன், கோழியின் தலை உயரத்திற்குக் குந்தி உட்கார்ந்து முகர வேண்டும். சிறிது நேரம் உள்ளே இருந்தாலே மூக்கு பழகிவிடும். தினமும் அங்கு வேலை செய்பவர் 'நெடி இல்லை' என்று சொல்வதை மட்டும் நம்பக் கூடாது. காற்றின் பத்து லட்சம் பங்கில் அம்மோனியா 25 பங்கைத் தாண்டாமல் இருப்பது அவசியம், 10 பங்குக்குள் இருந்தால் நல்லது. 50 பங்கைத் தாண்டினால் வளர்ச்சி குன்றும். அதற்கும் மேலே போனால் கண்களில் புண் உண்டாகிப் பார்வையே போகலாம். உங்கள் கண் எரிகிறது என்றால் அளவு ஏற்கெனவே மிஞ்சிவிட்டது என்று கொள்ளுங்கள்.

கோழிகளையும் கவனியுங்கள். கண்ணை மூடியபடி ஒடுங்கி நிற்பதும், இறக்கையில் கண்ணைத் தேய்ப்பதும், தீவனத்தை நாடாமல் இருப்பதும் அறிகுறிகள். மூச்சுக்குழலின் நுண்ணிய மயிரிழைகள் பழுதாவதால் தூசியும் கிருமியும் தடையின்றி உள்ளே போகின்றன. அதனால்தான் நெடி மிகுந்த கொட்டகையில் சளியும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாத் தொற்றும் தொடர்ந்து வருகின்றன.

இரண்டாம் படி: காற்றுக்கு வழி விடுங்கள்

படுதாவைக் கீழிருந்து மேலாக ஏற்றிக் கட்டி, உச்சியில் ஓர் அடியாவது இடைவெளி விட வேண்டும். சூடான காற்று அம்மோனியாவையும் சுமந்துகொண்டு அவ்வழியே வெளியேறும். வாடைக்காற்று கோழிகள் மேல் நேராக அடிக்காது. குளிர் தாங்காத இளங்குஞ்சுகளுக்கு வெப்பத்தைக் கூட்டிக் கொடுங்களே தவிர, அந்த இடைவெளியை அடைக்காதீர்கள். கரியடுப்பு வைப்போர் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நெடியே கிடையாது. மூடிய கொட்டகையில் அது குஞ்சுகளை மட்டுமன்றி, காவலுக்குப் படுத்திருக்கும் ஆளையும் கொன்றுவிடும்.

மூன்றாம் படி: கூளத்தைச் சரிசெய்யுங்கள்

ஒரு பிடி கூளத்தை அள்ளி அழுத்துங்கள். கையை விரித்த பிறகும் உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாகச் சேர்ந்து உடனே உதிர்ந்தால் சரி. தண்ணீர்ப் பாத்திரங்களைச் சுற்றிக் கட்டிதட்டிய பகுதியை அள்ளி வெளியேற்றி, உலர்ந்த உமியையோ தேங்காய் நார்க்கழிவையோ போட வேண்டும். ஒழுகும் நிப்பிளையும் (கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய்முனை), சாரல் அடிக்கும் ஓரத்தையும் சீராக்காமல் புதுக் கூளம் போடுவது வீண் செலவு. மற்ற இடங்களைக் கிளறிவிடும்போது அடைபட்ட வாயு ஒரேயடியாக வெளிவரும் என்பதால், படுதாவை நன்றாகக் கீழே இறக்கித் திறந்துவிட்ட பிறகே கிளறுங்கள்.

நெடி வந்தவுடன் சுண்ணாம்பைத் தூவும் வழக்கம் பரவலாக உள்ளது. சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் அது காரத்தன்மை உடையது. அமிலத்தன்மை உள்ள கூளத்தில் கட்டுண்டு கிடக்கும் அம்மோனியா, காரம் ஏறினால் வாயுவாகக் கிளம்பும். எனவே நெடி மிகுந்த ஈரக் கூளத்தில், கோழிகள் உள்ளே இருக்கும்போது சுண்ணாம்பு இடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சூப்பர் பாஸ்பேட் என்னும் உரம் இதற்கு எதிர்த் திசையில், அம்மோனியாவைக் கூளத்திலேயே பிடித்து வைக்கிறது. இடும் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மோனியாவுக்கு முறிவு மருந்து கிடையாது. நல்ல காற்றே சிகிச்சை. நெடி அடங்கிய பிறகும் கரகரப்புச் சத்தமோ இறப்போ தொடர்ந்தால், தொற்று புகுந்திருக்கக்கூடும். தாமாக ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல், இறந்த கோழியை அழுகுவதற்குள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று பிரேதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.