கடைமடையிலிருந்து ஒரு ஐஸ் ஹாக்கி பருவம்: பேரப்பிள்ளையோடு சேர்ந்து பார்ப்பது எப்படி

என் மகள் குடும்பம் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் ஊரில் இருக்கிறது. பேரனுக்கு 11 வயது. அந்த ஊர் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணியான லண்டன் நைட்ஸ் என்றால் அவனுக்கு உயிர். "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்டால் இரண்டு வார்த்தையில் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவான். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவான். அதனால்தான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். என்னைப் போன்ற அம்மாயி, அப்பாயிகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் நேரம். அங்கே வெள்ளிக்கிழமை இரவு 7 மணி ஆட்டம் நமக்குச் சனிக்கிழமை விடிகாலை 4:30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அப்புறம் 5:30. மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி 4:30. முதல் வருடம் இது தெரியாமல் ஒரு மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தேதியையும் தினசரிக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

வெளியூர் ஆட்டம் என்றால் பேரன் டிவிக்கு எதிரே போனைச் சாய்த்து வைப்பான். உள்ளூர் ஆட்டம் என்றால் இடைவேளையில் அரங்கத்திலிருந்து கூப்பிடுவான். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி, நடுவில் இரண்டு இடைவேளை. அடுப்பு வேலையை முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

போன் திரையில் பக் கண்ணுக்குத் தெரியாது. பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல அகலத்தில் ஒரு கறுப்பு ரப்பர் வில்லை, அவ்வளவுதான். அதைத் தேடாதீர்கள். பேரனுக்குப் பிடித்த ஆட்டக்காரர் ஒருவரின் நம்பரைக் கேட்டு வைத்துக்கொண்டு அவரையே பாருங்கள். முக்கால் நிமிடத்தில் வெளியே போய்விடுவார், வேறு ஆட்கள் இறங்குவார்கள். நம் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது மாதிரி, ஆட்களும் முறை வைத்துத்தான் இறங்குவார்கள். அவருடைய முறை மறுபடி வரும்.

விதிகளில் ஆஃப்சைடு ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. பேரன் நாலைந்து தடவை சொல்லியும் புரியவில்லை. பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். புது வீடு புகும்போது பசு முன்னே போக வேண்டும், மனிதர்கள் பின்னே. எதிரணி பக்கம் பனித்தரையில் போட்டிருக்கும் நீலக் கோட்டை முதலில் பக் தாண்ட வேண்டும், ஆட்கள் அதற்குப் பிறகு. இதைச் சொன்னதும் அவன் தன் நண்பர்களிடமும் சொல்லிவிட்டான். காலை இடறிவிடுவது மாதிரித் தப்பு செய்தவர்தான் இரண்டு நிமிடம் வெளியே உட்காருவார். அந்த நேரம் எதிரணிக்கு ஒரு ஆள் அதிகம், அப்போது எழுந்து போகாதீர்கள்.

பருவம் செப்டம்பர் கடைசியில், நமக்குச் சம்பா களையெடுக்கிற சமயத்தில் தொடங்கும். ஒவ்வொரு அணிக்கும் 68 ஆட்டம். ஜெயித்தால் 2 புள்ளி, கூடுதல் நேரத்தில் தோற்றாலும் 1 கிடைக்கும். அதனால் நவம்பரில் ஒரு தோல்விக்குப் பிள்ளை துவண்டால் புள்ளிக் கணக்கைச் சேர்ந்து போட்டுப் பாருங்கள், தெளிந்துவிடுவான்.

பொங்கலுக்குச் சில நாள் முன்புதான் கஷ்டமான நேரம். அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் அப்போது வரும். பெரும்பாலும் 16 முதல் 20 வயதுப் பையன்கள். வெளியூர்ப் பையன்களை உள்ளூர்க் குடும்பங்கள் வீட்டில் வைத்துச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்ளும். மாற்றிவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊர், வேறு வீடு. பேரன் சட்டையில் நம்பர் போட்டு வைத்திருந்த பையன் அப்படிப் போனபோது அவன் அழுதுவிட்டான். "வேற ஒருத்தர் வருவார்" என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன், அவன் இரண்டு நாள் பேசவில்லை. அந்தப் பையன் போன அணி எது, அடுத்து எப்போது லண்டனுக்கு ஆட வரும் என்று கேளுங்கள். அந்தப் பையன் வருகிற தேதியைப் பேரனும் நானுமாகத் தேடினோம்.

மார்ச் கடைசியில், உளுந்து பிடுங்குகிற நேரத்தில், பிளே ஆஃப் என்கிற வெளியேற்றச் சுற்றுகள். லீக்கில் இருக்கிற 20 அணியில் 16 உள்ளே போகும். ஏழில் நாலு ஜெயித்தால் அடுத்த சுற்று, மொத்தம் நாலு சுற்று. அதைத் தாண்டினால் ஜூனியர் அணிகளின் பெரிய கோப்பையான மெமோரியல் கோப்பை. முதல் உலகப் போரில் இறந்த கனடா வீரர்கள் நினைவாக 1919 முதல் கொடுக்கிறார்கள்.

அந்தக் கோப்பையின் 2024 இறுதி ஆட்டத்தில் நைட்ஸ் சாகினா அணியிடம் 4-3 என்று தோற்றார்கள். பேரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போனை வைக்காமல் நானும் பேசாமல் இருந்தேன். அதுதான் செய்ய வேண்டியது. "விளையாட்டுதானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

2025 ஜூனில் கனடாவின் ரிமூஸ்கி ஊரில் மெடிசின் ஹாட் அணியை 4-1 என்று வென்று கோப்பையை எடுத்துக்கொண்டார்கள். கத்தி முடித்து மூச்சு வாங்கியபடி அவன் கேட்டான்: "அம்மாயி, மேட்டூர் 12-ந் தேதி திறந்துடுவாங்களா? நம்ம வாய்க்காலுக்கு எப்ப வரும்?"