டொப்பியாகோவில் ஒரு சின்ன ஓட்டல்: ஆல்ப்ஸ் மலையூரில் தங்கத் திட்டமிடுவது எப்படி

வட இத்தாலியின் மலைப்பக்கம் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் தினம் ஓர் ஊர் என்று பட்டியல் போட்டுவிடுகிறார்கள். பாதிப் பயணம் பெட்டி கட்டுவதிலேயே போய்விடுகிறது. என் யோசனை வேறு. ரயில் நிலையம் உள்ள ஒரு சின்ன ஊரைப் பிடியுங்கள். அங்கே ஒரு குடும்பம் நடத்தும் இரண்டு அல்லது மூன்று நட்சத்திர ஓட்டலில் ஐந்தாறு இரவு சேர்ந்தாற்போல் தங்குங்கள். இரவுச் சாப்பாட்டையும் அறையோடு சேர்த்தே பேசிவிடுங்கள். மியூனிக்கில் வேலை பார்க்கும் நான், தமிழ்நாட்டிலிருந்து வரும் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவது இப்படித்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மா சைவம். இந்த இரண்டையும் சமாளிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்லும் ஊர் டொப்பியாகோ. டோலமைட்ஸ் மலைகளின் வடக்கு ஓரத்தில், புஸ்தேரியா பள்ளத்தாக்கில், கிட்டத்தட்ட 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் உலகப் போர் வரை இது ஆஸ்திரியாவுக்குச் சொந்தமான பகுதி; போருக்குப் பிறகுதான் இத்தாலிக்கு வந்தது. அதனால் இங்கே ஜெர்மன் பேசுகிறவர்களே அதிகம், ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு பெயர். டொப்பியாகோவின் ஜெர்மன் பெயர் டோப்லாக். பக்கத்து ஊரான சான் கான்டிடோவுக்கு இன்னிஹென். ஓட்டல் தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள். சின்ன ஓட்டல்கள் சில ஜெர்மன் பெயரில் மட்டும்தான் அகப்படும்.

முதலில் தேதி. ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர் மாதம். இந்த இரண்டு பருவத்தில் அறையும் கிடைக்கும், நடக்கவும் இதமாக இருக்கும். ஆகஸ்ட் 15 இத்தாலியர்களுக்குப் பெரிய விடுமுறை. அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் நாடே மலைக்கும் கடலுக்கும் கிளம்பிவிடும். அப்போது வாடகை உச்சத்தில் இருக்கும், ஒரு வாரத்துக்குக் குறைந்து அறை தரமாட்டோம் என்று சொல்லும் ஓட்டல்களும் உண்டு. ஈஸ்டர் முடிந்ததிலிருந்து மே நடு வரையிலும், நவம்பர் மாதத்திலும் விமானச் சீட்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று போய்விடாதீர்கள். பாதி ஓட்டல்கள் பூட்டியிருக்கும், மலையேற்றும் கேபிள் கார்கள் ஓடாது. பனிக்காலம் தனிக் கதை. பனியில் நீண்ட தூரம் சறுக்கிச் செல்லும் விளையாட்டுக்கு இந்த ஊர் பேர்போனது. ஆனால் குளிர் மைனஸ் பத்துக்குக் கீழே சர்வசாதாரணமாக இறங்கும். வயதானவர்களை அழைத்துப்போக நான் அந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

அடுத்தது ஓட்டல் எங்கே இருக்கிறது என்பது. டொப்பியாகோ இரண்டு துண்டாக இருக்கிறது. தெற்கே ரயில் நிலையத்தைச் சுற்றிப் புது ஊர். அங்கிருந்து வடக்கே சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி, பெரிய தேவாலயத்தைச் சுற்றிப் பழைய ஊர். பழைய ஊர் அழகு. ஆனால் பெட்டி தூக்கிக்கொண்டு, கால் வலிக்காரரோடு, தினமும் ரயிலும் பேருந்தும் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் நிலையத்துக்குப் பக்கமாகவோ, பழைய ஊரின் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கமாகவோ பாருங்கள். தனியாகவோ நண்பர்களோடோ போகிறவர்கள் நிலையத்தை ஒட்டியிருக்கும் பழைய கிராண்ட் ஓட்டலைப் பார்க்கலாம். ரயில் வந்த புதிதில், 1870களில், பணக்காரர்களுக்காகக் கட்டிய மாளிகை அது. இப்போது அதில் ஓர் இசையரங்கும், மலிவாகத் தங்கக்கூடிய இளைஞர் விடுதியும் இருக்கின்றன.

ஓட்டல் விளம்பரத்தில் ‘கார்னி’ என்று இருந்தால் காலை உணவு மட்டும்தான் தருவார்கள். அரை போர்டு என்றால் காலையும் இரவும் சாப்பாடு. இந்தப் பக்கத்து ஓட்டல்கள் தங்கள் சொந்த இணையதளத்தில் விலையைப் பெரும்பாலும் ஓர் ஆளுக்கு, ஓர் இரவுக்கு என்றுதான் போடுவார்கள். முன்பதிவுத் தளங்கள் முழு அறைக்கும் போடும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, ஓட்டல் தளத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று மகிழ்ந்துபோக வேண்டாம். இது தவிர ஊர் வரி ஒன்று உண்டு. ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கடைசி நாளில் தனியாக வாங்குவார்கள். நட்சத்திரம் கூடக் கூட வரியும் கூடும். டொப்பியாகோ இருக்கும் தெற்கு டிரோல் மாகாணத்தில் 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அது கிடையாது.

சரி, இரண்டு மூன்று ஓட்டலைப் பிடித்தாகிவிட்டது. இப்போது முன்பதிவுத் தளத்தை மூடிவிட்டு ஓட்டலுக்கே நேராக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். இந்தக் காரியத்தை மட்டும் சோம்பல்படாமல் செய்யச் சொல்வேன். இதுபோன்ற ஓட்டல்களில் கடிதத்தைப் படிப்பதும், அறை ஒதுக்குவதும், சில சமயம் சமையல் செய்வதும் ஒரே குடும்பம்தான். நீங்கள் எழுதுவது நேரே சமையலறை வரை போய்ச்சேரும். எளிய ஆங்கிலம் போதும். நான் எழுதுவது இவ்வளவுதான்: தேதி, எத்தனை பேர், யாருக்கு என்ன வயது. மின்தூக்கி இருக்கிறதா, இல்லையென்றால் தரைத்தளத்திலோ முதல் மாடியிலோ அறை கிடைக்குமா. குளியலறையில் உள்ளே இறங்க வேண்டிய தொட்டியா, தட்டையான ஷவரா. சைவச் சாப்பாடு தினமும் தர முடியுமா. பேருந்துக்கும் ரயிலுக்குமான விருந்தினர் அட்டை தருவீர்களா. எந்தத் தேதி வரை ரத்து செய்தால் முன்பணம் திரும்பும்.

மூன்று மாடிக் கட்டடத்தில் மின்தூக்கி இல்லாதது இங்கே அதிசயமில்லை. அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். முன்பணத்தை வங்கி வழியாக அனுப்பச் சொல்வதும் வழக்கம்தான். ஆனால் இத்தாலியில் முன்பணம் கொடுத்துவிட்டு நாம் பின்வாங்கினால் பொதுவாக அது போனதுதான். இந்தியாவிலிருந்து நேராக வருகிறவர்கள் விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்யக்கூடிய பதிவாகவே வைத்திருங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் 15 நாளைக்கு முன்பு. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். என் பெற்றோர் பெரும்பாலான நாட்கள் என்னோடு மியூனிக்கில் இருப்பதால் ஜெர்மன் விசாவில் வருகிறார்கள். இத்தாலிக்கும் அதுவே செல்லும்.

எல்லோருடைய கடவுச்சீட்டும் அசலாகக் கையில் இருக்கட்டும். எல்லை தாண்டும் ரயிலில் போலீஸ் ஏறிப் பார்ப்பது உண்டு. ஓட்டலிலும் வந்தவுடன் வாங்கிப் பதிவார்கள். தங்குபவர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு அனுப்பவேண்டும் என்பது இத்தாலியச் சட்டம்.

போகும் வழி சுலபம். மியூனிக்கிலிருந்தோ வெரோனாவிலிருந்தோ பிரென்னர் பாதையில் ஓடும் ரயிலில் ஏறி ஃபோர்டெட்ஸாவில் இறங்கினால், அங்கிருந்து பள்ளத்தாக்கு ரயில் டொப்பியாகோ வழியாக சான் கான்டிடோ போகிறது. அந்தப் பாதையில் வேலை நடக்கும் மாதங்களில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். வெனிஸிலிருந்து வருவதென்றால் கொர்த்தினா வழியாகப் பேருந்தில் வரலாம்.

இனி சாப்பாடு. அரை போர்டு எடுக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நாள் முழுக்க நடந்துவிட்டு வந்து, ஊரில் எந்த உணவகம் இன்று திறந்திருக்கிறது, எதில் சைவம் உண்டு என்று அலைவது பெரியவர்களுக்கு முடியாது. உணவகங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேறு. ஓட்டலில் உங்களுக்கென்று ஒரு மேசை ஒதுக்கி, கடைசி நாள் வரை அதையே தருவார்கள். பல இடங்களில் காலை உணவின்போதே இரவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு சீட்டில் குறித்துக் கொடுக்கவேண்டும். சைவக்காரர்களுக்கு அதுதான் நல்ல சந்தர்ப்பம். இரவு உணவு ஏழு மணியையொட்டித் தொடங்கிவிடும், நேரம் தவறக்கூடாது. எட்டரைக்கு மேல் போய் நின்றால் அடுப்பு அணைந்திருக்கும்.

சைவம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ரொட்டியைப் பிசைந்து உருட்டி வேகவைக்கும் கனெடெர்லி இந்தப் பகுதியின் அன்றாடச் சாப்பாடு. அதில் வழக்கமாக ‘ஷ்பெக்’ என்ற புகைபோட்ட பன்றிக்கறியைப் பொடியாக நறுக்கிப் போடுவார்கள். கீரையோ சீஸோ போட்டதும் உண்டு, அதைக் கேளுங்கள். காய்கறி சூப், ரிசோட்டோ இரண்டும் பார்க்கச் சைவம். இறைச்சி வேகவைத்த நீரில் செய்திருக்கலாம். பார்மிஜானோ சீஸ் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையைக் கொண்டு செய்வது, அதையும் விலக்குகிறவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும். முட்டை வேண்டாம் என்றால் அதைத் தனியாக எழுதுங்கள், மாவிலேயே கலந்திருக்கும். அம்மா விரும்பிச் சாப்பிட்டவை ஷ்லுட்ஸ்கிராப்ஃபென் என்ற, கீரை வைத்து அரை நிலா வடிவில் மடித்த பாஸ்டாவும், கீரையை நடுவில் வைத்து எண்ணெயில் பொரிக்கும் டிர்ட்லனும்தான். டிர்ட்லன் மெனுவில் இல்லாத நாளிலும், முந்தின நாளே கேட்டதால் ஓட்டல்காரம்மா செய்து கொடுத்தார். பெரிய ஓட்டலில் இது நடக்காது.

குடிக்கும் தண்ணீர் சாப்பாட்டுக் கணக்கில் சேராது; மேசைக்கு வரும் பாட்டிலுக்குத் தனி விலை. குழாய்த் தண்ணீர் மலைத் தண்ணீர், அருமையாக இருக்கும், அறையிலேயே பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம். காலை உணவு மேசையிலிருந்து மதியத்துக்குப் பொட்டலம் கட்டாதீர்கள். கேட்டால் சின்ன விலைக்கு அவர்களே கட்டித் தருவார்கள்.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மரக்கட்டில், ஆளுக்கொரு கனத்த போர்வை, ஏசி கிடையாது, தேவையும் இல்லை. தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் பெரும்பாலும் இருக்காது. கால் கழுவும் தொட்டி மாதிரி ஒன்று கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கும், அதுதான் பிடே. நம் ஆட்களுக்குப் பெரிய நிம்மதி. ஷவருக்குப் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கினால் இழுக்காதீர்கள். அது ஆபத்துக்கு ஆள் கூப்பிடும் மணி. நம் ஊர் மூன்று முள் பிளக் இங்கே செல்லாது. உருண்டையான இரண்டு முள் உள்ள அடாப்டர் கொண்டுபோங்கள்.

விருந்தினர் அட்டை கையில் இருந்தால் தெற்கு டிரோல் மாகாணம் முழுக்கப் பேருந்தும் உள்ளூர் ரயிலும் இலவசம். கார் வாடகைக்கு எடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் இரண்டு இடங்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். ட்ரே சீமே எனும் மூன்று சிகரங்களுக்குப் போகும் 444ஆம் எண் பேருந்துக்குத் தனிச் சீட்டு. இணையத்தில் முன்பதிவு செய்யவேண்டும். பிராயெஸ் ஏரிக்கு ஜூலை 10 முதல் செப்டம்பர் 10 வரையிலான நாட்களில் பகல் வேளையில் முன்பதிவில்லாமல் காரிலோ பேருந்திலோ போக முடியாது. அறை உறுதியானவுடன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

மூன்று சிகரங்களில் உயரமானது 2,999 மீட்டர். பேருந்து அவுரோன்ஸோ விடுதி வரை, அதாவது 2,300 மீட்டருக்கும் மேலே, கொண்டுபோய் விட்டுவிடுகிறது. அங்கிருந்து லாவரேடோ விடுதி வரை அகலமான, ஏறக்குறைய சமமான பாதை. அப்பா கைத்தடியோடு மெதுவாக அதுவரை நடந்து, ஆப்பிள் ஸ்ட்ரூடல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிகரங்களின் வடக்கு முகம், படங்களில் நாம் பார்க்கும் அந்தச் செங்குத்துச் சுவர், இன்னும் கொஞ்சம் மேலே கணவாயில் ஏறினால்தான் தெரியும். நானும் அம்மாவும் போய்ப் பார்த்தோம். அம்மா வெகுநேரம் பேசவே இல்லை. ஆகஸ்டிலும் அங்கே காற்று குளிரும், கோடை மதியங்களில் இடிமழை பிடிக்கும். காலை முதல் பேருந்தில் போய் மதியத்துக்குள் இறங்குங்கள். விடுதிகளில் செலவுக்கு ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்க மனமில்லாத நாளுக்கு சைக்கிள். திராவா ஆறு இந்த ஊரருகேதான் பிறக்கிறது. அதன் கரையோடு சான் கான்டிடோவிலிருந்து ஆஸ்திரியாவின் லீயென்ஸ் வரை சுமார் 44 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். திரும்ப ரயிலில் வந்துவிடலாம். ஊருக்கு மேற்கே இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் 1908 முதல் 1910 வரை கோடைகளில் வந்து எழுதிய சின்ன மரக்குடில் இருக்கிறது. மழை நாளென்றால் ரயிலில் போல்ட்சானோ போய், 1991இல் பனியாற்றில் கண்டெடுத்த, 5,000 ஆண்டுக்கு மேல் பழமையான ஓட்ஸி என்ற பழங்கால மனிதனின் உடலை அருங்காட்சியகத்தில் பாருங்கள்.

கிளம்பும் நாளன்று பத்து மணியையொட்டி அறையைக் காலி செய்யவேண்டும். ரயில் மாலையில் என்றால் பெட்டியைக் கீழே வைத்துக்கொள்வார்கள். முந்தின இரவே பில்லைக் கேட்டு வாங்கி, பாட்டில்களும் ஊர் வரியும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அறை சுத்தம் செய்தவருக்கு மேசையில் கொஞ்சம் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த செப்டம்பருக்கும் அதே அறை வேண்டும் என்று தோன்றினால் அப்போதே சொல்லிவிடுங்கள். தெற்குப் பார்த்த பால்கனி அறைகளைப் பழைய விருந்தினர்கள் ஊருக்குக் கிளம்பும்போதே பிடித்துவிடுகிறார்கள்.