பிளாஸ்மா எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் முன்

டயாலிசிஸ் பிரிவில் பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சை, செய்யும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் நான். ரத்தக்குழாய் அழற்சி, அதாவது வாஸ்குலைட்டிஸ், என்று இதற்கு வருகிறவர்களிடம் முதலில் மாத்திரைச் சீட்டைத்தான் கேட்பேன்.

அதில் ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரை இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதோடு எக்ஸ்சேஞ்ச் செய்தால் ரத்த அழுத்தம் திடீரென்று சரியலாம். வழக்கமாக 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மற்ற மாத்திரைகளில் எதையெல்லாம் முடிந்த பிறகு போட வேண்டும் என்றும் கேளுங்கள். காலையில் விழுங்கியதில் சில, பிளாஸ்மாவோடு வெளியே போய்விடும். நோய் எதிர்ப்பை அடக்கும் ஊசி மருந்தான ரிட்டுக்சிமாப் போட்டால் அடுத்த எக்ஸ்சேஞ்சை முடிந்தவரை 48 மணி நேரமாவது தள்ளிவைப்பார்கள்.

கழுத்திலுள்ள ரத்த நாளத்தில் போடும் குழாய் வழியாக ரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து நீக்கி, ரத்த அணுக்களை அல்புமின் என்ற புரதக் கரைசலோடு திருப்பி அனுப்புகிறோம். 60 கிலோ எடை, ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 30 சதவீதம் என்றால் உடலில் சுமார் 2.7 லிட்டர் பிளாஸ்மா இருக்கும். ஒரு அமர்வில் அந்த அளவோ, அதில் ஒன்றரை மடங்கோ மாற்றுவோம். நுரையீரலில் ரத்தக்கசிவு இருந்தாலோ, இப்போதுதான் சிறுநீரக பயாப்ஸி செய்திருந்தாலோ தானம் பெற்ற பிளாஸ்மா தேவைப்படும். அல்புமினில் ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்கள் கிடையாது.

உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறதா, விரல் நுனியில் ஊசி குத்துகிறதா? அந்த நிமிடமே சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. வேகத்தைக் குறைத்து, கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். தொந்தரவு தரக்கூடாதென்று பலர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அப்படி இருக்காதீர்கள். கால்சியம் ரொம்ப இறங்கினால் தசை இழுக்கும், இதயத் துடிப்பே மாறலாம்.

"எனக்கு இது எதற்கு?" என்றும் கேளுங்கள், தப்பே இல்லை. 2020-இல் வெளியான பெக்ஸிவாஸ் ஆய்வில், ஆன்கா என்ற ஆன்டிபாடியோடு (உடலையே தாக்கும் எதிர்ப்புப் புரதம்) வரும் கடுமையான வாஸ்குலைட்டிஸ் உள்ள 704 பேரில், மரணத்தையோ சிறுநீரகச் செயலிழப்பையோ எக்ஸ்சேஞ்ச் குறைத்ததாகத் தெரியவில்லை. அதனால் இப்போது எல்லோருக்கும் செய்வதில்லை. சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் மிகவும் ஏறியவர்களுக்கு யோசிப்பார்கள். சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கும் ஆன்டி-ஜிபிஎம் ஆன்டிபாடி இருந்தால் மட்டும் தயங்காமல், தினமும் செய்வார்கள். எப்படியானாலும் இது இருக்கிற ஆன்டிபாடியைத்தான் நீக்கும். புதிதாக உருவாவதைத் தடுப்பது ஸ்டீராய்டும், சைக்ளோபாஸ்பமைடு அல்லது ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகளும்தான், அவற்றை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், கழுத்துக் குழாயை நனைக்காதீர்கள். குளிரோ காய்ச்சலோ வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.