மொக்தெசுமா கொர்தேஸைக் கடவுள் என்று நம்பினாரா? எழுதத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்றைய மெக்சிகோவின் நடுப்பகுதியை ஆண்ட ஆஸ்டெக்குகளும் ஸ்பானியர்களும் சந்தித்த கதையை எழுதும் மாணவர்களின் கட்டுரைகளை ஆண்டுதோறும் திருத்துகிறேன். மாயாக்களையும் இன்காக்களையும் இவர்களோடு குழப்புவதை விட்டுவிடுகிறேன். வரைபடம் பார்த்தால் அது சரியாகிவிடும். நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்க்கும்போதுதான் மனம் பொறுக்கவில்லை.

"தெய்வம் திரும்பி வந்தது"

கடல் தாண்டி வந்த ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கொர்தேஸை கெட்சல்கோவாட்டில் என்ற தெய்வம் என்று நம்பி ஆஸ்டெக் அரசர் மொக்தெசுமா நாட்டை ஒப்படைத்தார். பெரும்பாலான கட்டுரைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. நானும் பல ஆண்டுகள் வகுப்பில் இதையே சொன்னேன். ஒருநாள் ஒரு மாணவி, "சார், இதை மொக்தெசுமா யாரிடம் சொன்னார்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்று இரவுதான் கொர்தேஸின் கடிதத்தை எடுத்து ஒழுங்காகப் படித்தேன்.

1520 அக்டோபரில் ஸ்பெயினை ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு எழுதியது அது. முந்தைய ஆண்டு நவம்பர் 8 அன்று ஆஸ்டெக் தலைநகர் தெனோச்சித்லானில் நடந்த சந்திப்பு அதில் வருகிறது. கெட்சல்கோவாட்டில் என்ற பெயரே இல்லை. முன்னோரை அழைத்து வந்த ஒரு தலைவன் திரும்பிப் போனான், அவன் வழிவந்தவர்கள் வருவார்கள் என்று மொக்தெசுமா சொன்னதாக மட்டும் இருக்கிறது. அதே பேச்சில் அவர் ஆடையை விலக்கி, தானும் எலும்பும் சதையும் கொண்ட மனிதன்தான் என்று காட்டுகிறார். கெட்சல்கோவாட்டில் கதை எழுத்தில் வருவது 1540-கள் வாக்கில்தான்; தோற்றவர்களின் பிள்ளைகள் பாதிரியார்களிடம் படித்து, ஏன் தோற்றோம் என்று விளக்கம் தேடிய காலத்தில்.

அந்தக் கடிதத்துக்கு ஒரு தேவையும் இருந்தது. கியூபா ஆளுநர் வெலாஸ்கெஸை மீறிப் புறப்பட்டவர் கொர்தேஸ். மொக்தெசுமா தானாகவே நாட்டைக் கொடுத்தார் என்று காட்டிவிட்டால், பிறகு எதிர்த்தவர்கள் எல்லோரும் கலகக்காரர்கள். படையெடுப்பு நியாயமாகிவிடும்.

அப்புறம், மொழி. மொக்தெசுமா பேசியது நாவாட்டில் என்ற மொழி. மலின்ட்சின் என்ற பெண் அதை மாயா மொழிக்கு மாற்ற, மாயா மொழி அறிந்த அகிலார் என்ற ஸ்பானியர் அங்கிருந்து ஸ்பானியத்துக்கு மாற்றினார். உங்கள் பாயில், உங்கள் ஆசனத்தில் அமர வந்திருக்கிறீர்கள், உங்களுக்காகக் கொஞ்ச காலம் காத்து வைத்திருந்தேன் என்று அவர் சொன்னதாக நாவாட்டில் பதிவு கூறுகிறது. அங்கே உயர்குடியினர் விருந்தாளியிடம் இப்படித்தான் பணிந்து பேசுவார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் நாம் "இது உங்க வீடு மாதிரி" என்கிறோம். அதை நம்பி யாரும் பத்திரம் பதியப் போவதில்லை.

இந்தத் தவறு மட்டும் எனக்கு இன்னும் எரிச்சலூட்டுவதற்குக் காரணம் உண்டு. தூதர்களை அனுப்பி, வந்தவர்களைப் படமாக வரைந்து வரச் செய்து, எடைபோட்டுப் பார்த்த ஓர் அரசரை அது ஏமாளியாக்கிவிடுகிறது. அவர் மக்களையும் சேர்த்து.

"சில நூறு பேர் பேரரசை வென்றார்கள்"

ஸ்பானியர்களுடன் சேர்ந்து போரிட்ட, ஆஸ்டெக்குகளின் எதிரிகளான திலாஷ்கலா நாட்டு வீரர்களை எண்ணாமல் இதை எழுதாதீர்கள்.

"துப்பாக்கிதான் வென்றது"

1520-இல் பெரியம்மை வந்தது. மொக்தெசுமாவுக்குப் பின் அரசரான குயித்லாவாக் 80 நாளில் அந்த நோயால் இறந்தார். நகரம் விழுந்தது 1521 ஆகஸ்ட் 13.

"எல்லோரும் ஆஸ்டெக்"

தெனோச்சித்லான் மக்கள் தங்களை மெஷிக்கா என்றார்கள்.

ஸ்பானியப் பத்தியை மட்டும் படிப்பது

பாதிரியார் சஹகுனும் நாவாட்டில் பேசும் நாவா அறிஞர்களும் சேர்ந்து 1577 வாக்கில் முடித்த 12 பாகத் தொகுப்பில் கடைசிப் பாகம் இந்தப் போரைப் பற்றியது. ஒவ்வொரு தாளிலும் இரண்டு பத்திகள்: இடப்பக்கம் ஸ்பானியம், வலப்பக்கம் நாவாட்டில். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து ஸ்பானியத்தின் மொழிபெயர்ப்பை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். மொக்தெசுமா அனுப்பிய தங்கத்தைப் பெற்ற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானியர்கள் மகிழ்ந்தார்கள், தங்கத்தை மிக உயர்வாக மதித்தார்கள் என்று இடப்பக்கம் சொல்கிறது. குரங்குகளைப் போல அதை அள்ளினார்கள், பன்றிகளைப் போல அதற்குப் பசித்துக் கிடந்தார்கள் என்கிறது வலப்பக்கம்.